ஊரும் சேரியும் சிம்பொனியும்

2025 மார்ச் 8ஆம் தேதி இரவு, லண்டன் ஹாமர்ஸ்மித் பகுதியிலுள்ள ஈவென்டிம் அப்போலோ அரங்கில், ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா இளையராஜாவின் சிம்பொனியை வாசித்தது. பெயர் ‘வேலியன்ட்’. நான்கு பகுதிகள். மிக்கேல் டாம்ஸ் நடத்தினார். முப்பத்தைந்தே நாளில் எழுதி முடித்ததாக இளையராஜா முந்தின வருடமே சொல்லியிருந்தார். அடுத்த சில நாட்களுக்குத் தமிழ்ப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் ஒரே வாக்கியத்தைத்தான் பல விதமாக எழுதின: குக்கிராமத்தில் பிறந்த ஏழைச் சிறுவன் லண்டன் வரை போய்விட்டான். பண்ணைப்புரத்திலிருந்து வெறுங்காலோடு புறப்பட்டவன் நான் என்று அவரும் பலமுறை சொல்லியிருக்கிறார். வெறுங்காலைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். அந்தக் கால் எந்தத் தெருவிலிருந்து கிளம்பியது என்று யாரும் எழுதவில்லை.

நமக்கு அந்தத் தெருதான் முக்கியம். ஒரு கலைஞனின் பிள்ளைப் பருவம் அவன் இசைக்குள் எப்படிப் போகிறது என்று பேசுவதானால் முதலில் பிள்ளைப் பருவம் எங்கே கழிந்தது என்று பேச வேண்டும். தமிழ்நாட்டில் ‘கிராமம்’ என்று ஒன்று கிடையாது. ஊர் என்று ஒன்று இருக்கிறது, சேரி என்று ஒன்று இருக்கிறது. நடுவில் ஒரு வாய்க்காலோ, ஒரு வரப்போ, ஒரு மாரியம்மன் கோயிலோ இருக்கிறது. 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைக் கொண்டாடியவர்களுக்கு பாபாசாகேப் கொடுத்த சூட்டை நாம் மறக்கவில்லை. ஆனால் சினிமாக்காரர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் அது உறைக்கவேயில்லை. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்ததும் ‘மண்வாசனை’ என்றார்கள். அன்றிலிருந்து ஐம்பது வருஷமாக அதே வார்த்தை. மண்ணை யார் மிதித்தார்கள், நாற்றுக் கட்டை யார் தூக்கினார்கள், குனிஞ்ச முதுகோடு யார் பாடினார்கள் என்று கேட்டால் வாசனை போய்விடும் போல.

தெரிந்த விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். 1943இல் பிறப்பு. வைத்த பெயர் ஞானதேசிகன், கூப்பிட்ட பெயர் ராசய்யா. அப்பா ராமசாமி, அம்மா சின்னத்தாயம்மாள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம். மேலே ஏறினால் தேயிலை, ஏலத் தோட்டங்கள். படிக்கப் பணமில்லாமல் வைகை அணை கட்டுமிடத்தில் கூலி வேலை பார்த்ததை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அம்மா பாடிய பாட்டுகளைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் ‘ஏழைச் சிறுவன்’ கதைக்குள் அடங்கிவிடும். அடங்காதது அண்ணன்.

பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைப் பாடகர். தனக்குத் தெரிந்த மெட்டு, சனங்களுக்குப் பழகின மெட்டு, சினிமா மெட்டு, தெம்மாங்கு எதுவானாலும் எடுத்துக்கொண்டு அதில் கட்சியின் சொல்லைப் போட்டுப் பாடுவார். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். ஓட்டுப் போடுகிறவர்களில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளிகள். அந்தத் தொழிலாளிகளில் பெரும்பகுதி யாரென்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாவலர் பாடினார். ரோசம்மா ஜெயித்தார். அண்ணனோடு ஆர்மோனியம் வாசிக்கவும் பெண் குரலில் பாடவும் தம்பிகள் போய்ப் பழகியது இந்தக் காலத்தில்தான். பிறகு பல வருடம் பாவலர் சகோதரர்கள் என்ற பெயரில் ஊர் ஊராக மேடை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இளையராஜாவின் இசையில் ‘கிராமிய’ அம்சம் என்று பேசுகிற ஆய்வாளர்கள் நாற்று நடவு, தாலாட்டு, ஒப்பாரி என்று இயற்கையிலிருந்து ஊறி வந்த மாதிரி எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளை கேட்டது அது மட்டுமில்லை. கூட்டத்தின் நடுவே, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், எதிரே நிற்கிற கூலிக்காரனின் முகத்தைப் பார்த்து மெட்டை மாற்றுகிற வித்தையை அவன் கேட்டான். ஒரு மெட்டிலிருந்து சொல்லைக் கழற்றி வேறு சொல்லை மாட்டலாம். மெட்டு அப்படியே நிற்கும், அர்த்தம் தலைகீழாகும். இது அரசியல் பள்ளிக்கூடம். இசைப் பள்ளிக்கூடமும் இதுதான். மெட்டு யாருக்கும் சொந்தமில்லை என்பதை முதலில் அங்கே கற்றவனுக்குத்தான், பின்னாளில் தியாகராஜரின் ஒரு கீர்த்தனையைக் காம்போதியிலிருந்து எடுத்து சாரமதியில் வைக்கிற துணிச்சல் வரும். 1985இல் ‘சிந்து பைரவி’ படத்தில் அவர் அதைச் செய்தபோது சபாக்காரர்கள் முணுமுணுத்தார்கள். தேசிய விருது கிடைத்தது.

அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் சாதாரண ஜனங்களின் பாட்டு கச்சேரி மேடைக்கு வருகிறது. வந்து என்ன நிரூபிக்கிறது? நாட்டுப்பாட்டும் கர்நாடகமும் அடியில் ஒன்றுதான் என்று நிரூபிக்கிறது. நல்ல விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் பாருங்கள், வித்வானின் ராகத்தோடு உறவுமுறை சொல்லிக்கொண்ட பிறகுதான் நம்ம பாட்டுக்கு அங்கே பாய் விரிக்கப்படுகிறது. ‘உங்க வீட்டுப் பிள்ளைதாங்க இதுவும்’ என்று சொல்லிக்கொண்டு உள்ளே போகிற ஏற்பாடு. கதை பாலசந்தருடையது, மெட்டு ராஜாவுடையது. ரெண்டையும் கலக்காமல் பார்க்க வேண்டும். மெட்டு கதையைவிடத் தைரியமானது என்பது என் அபிப்பிராயம்.

1968 வாக்கில் சகோதரர்கள் மெட்ராஸ் வருகிறார்கள். வீட்டு ரேடியோவை விற்று அம்மா கொடுத்த பணம் கையில். இங்கேதான் வரலாறு எழுதுகிறவர்கள் சட்டென்று தாண்டிப் போகிற ஒரு இடம் இருக்கிறது: தன்ராஜ் மாஸ்டர். மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறை. அங்கே மேற்கத்திய இசையின் எழுத்துமுறை, ஸ்வரக்கூட்டு, கவுன்டர்பாயின்ட் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். கோடம்பாக்கத்து வாத்தியக்காரர்கள் ஏகப்பட்ட பேர் அவர் மாணவர்கள். மயிலாப்பூர் என்றால் சபாவும் குருகுலமும். அதே மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறைக்குள் பாக்கும் மொஸார்ட்டும். குருகுலம் என்பது குருவின் வீடு; வீடு என்றால் நடை, ரேழி, கூடம், அடுக்களை; ஒவ்வொன்றுக்கும் யார் எதுவரை வரலாம் என்று இருக்கிறது. லாட்ஜ் அறைக்கு ரேழி கிடையாது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் அவர் தங்கப் பதக்கம் வாங்கினார். தேர்வு வைத்தவனுக்குப் பண்ணைப்புரத்தில் எத்தனை தெரு என்று தெரியாது. ஐந்து கோடும் அதன்மேல் புள்ளியும் போட்ட தாள், வாசிக்கத் தெரிந்தவனுக்கெல்லாம் ஒரே மாதிரி பேசும்.

உடனே மேற்கத்திய இசை சமத்துவம் என்று யாரும் பாட வேண்டாம். சிம்பொனியின் தந்தை என்று சொல்லப்படும் ஹைடன் வண்டிச் சக்கரம் செய்கிறவரின் மகன். எஸ்தர்ஹாசி பிரபுவின் அரண்மனையில் வேலைக்காரர் உடுப்புப் போட்டுக்கொண்டுதான் எழுதினார். வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழு ஒரு பெண்ணை உறுப்பினராகச் சேர்த்தது 1997இல்தான். அவர்கள் வீட்டு அசிங்கம் அவர்களுக்கு. நான் சொல்வது இவ்வளவுதான்: நம் வீட்டு அசிங்கத்துக்கு அந்தத் தாளில் இடம் எழுதியிருக்கவில்லை.

இது இளையராஜா ஒருவரின் அதிர்ஷ்டக் கதையுமில்லை. நான் இருப்பது சேக்காடு. ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில், ஏரியும் ரயில்பாதையும் உள்ள இடம். ஆவடி என்றால் டாங்கி தொழிற்சாலை, ராணுவக் குடியிருப்பு. பட்டாபிராமுக்கு அப்பால் மிலிட்டரி சைடிங் வரைக்கும் ஒரு ரயில் போகும். ராணுவம் இருந்த இடத்தில் பேண்டு இருக்கும். பேண்டு இருந்த இடத்தில், ஓய்வு பெற்று வந்த பேண்டுக்காரர் யாராவது சேரிப் பிள்ளைகளுக்கு ஊதக் கற்றுக்கொடுப்பார். எங்கள் சித்தப்பா அப்படித்தான் கிளாரினெட் கற்றார். பறை அடித்த குடும்பம். அவருடைய அப்பா கையில் பறை, இவர் கையில் கிளாரினெட். பழைய சென்னை ராணுவத்தில் பறையர்கள் பெருமளவில் சிப்பாய்களாக இருந்ததும், மிஷன் பள்ளிகளிலும் சர்ச்சுகளிலும் நான்கு குரலில் பாடப் பழகியதும், கோடம்பாக்கத்து ஸ்டுடியோக்களில் கிறிஸ்தவர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் வயலினும் டிரம்பெட்டும் வாசித்ததும் ஒரே நூலில் கோக்க வேண்டிய வரலாறு. யாரும் கோக்கவில்லை. தஞ்சாவூர் சரபோஜி அரண்மனையில் மேல்நாட்டு பேண்டு இருந்ததை மட்டும் எழுதுவார்கள். அது ராஜா வீட்டு பேண்டு ஆச்சே.

எழுபதுகளில் சித்தப்பாவின் பேண்டு செட்டில் ஒன்பது பேர். கல்யாணத்துக்கும் போவார்கள், சாவுக்கும் போவார்கள். சாவில் முதலில் பறை, பின்னால் பேண்டு. கல்யாணத்தில் பறை கிடையாது. சிவப்புக் கோட்டு, ஜரிகைத் தொப்பி. வாசிப்பு முடிந்தால் பந்தியில் உட்கார இடம் கிடையாது, கொல்லைப்புறம் இலை போடுவார்கள். கோட்டு போட்டாலும் கொல்லைப்புறம்தான். அவர் சொல்லுவார்: “டேய், கோட்டு எல்லாருக்கும் தெரியும்டா, கோட்டுக்குள்ள யாருன்னும் எல்லாருக்கும் தெரியும்டா.” 1976க்குப் பிறகு அவர்கள் வாசிக்கிற பாட்டுகள் மாறின. மாறினதில் ஒரு சிரமம் வந்தது. அதுவரைக்கும் மெட்டைப் பிடித்தால் பாட்டு முடிந்தது. கிளாரினெட் மெட்டை ஊதும், மற்றவர்கள் தாளத்துக்கு ஏற்ப முட்டுக்கொடுப்பார்கள். ராஜா பாட்டில் மெட்டை மட்டும் ஊதினால் பாட்டு பாதிதான் வருகிறது. “கீழ ஓடுற பேஸு தனியா ஒரு பாட்டு பாடுதுடா, அத யாரு ஊதறது?” என்று ராத்திரி ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். யூஃபோனியம் ஊதுகிறவரைக் கூட்டிவந்து அந்தக் கீழ்ப்பாட்டைத் தனியாக எழுதிக்கொடுத்தார். ஐந்து கோடு போட்ட கோடு நோட்டு. எழுத்துக்கூட்டித்தான் தமிழ் படிப்பார். நொட்டேஷன் கடகடவென்று எழுதுவார்.

ஆய்வாளர்கள் ‘பல்குரல் தன்மை’ என்று பக்கம் பக்கமாக எழுதிய விஷயம் இது. சேக்காட்டில் ஒன்பது பேர் கொண்ட பேண்டு செட்டு வயிற்றுப்பாட்டுக்காக அதைப் பிரித்துப் படித்தது. பிரேமும் ரமேஷும் 1998இல் இளையராஜா பற்றி ஒரு நூல் எழுதினார்கள். இசையின் தத்துவத்தையும் அழகியலையும் பேசிய முக்கியமான முயற்சி. அந்த மாதிரி நூல்களுக்குப் பக்கத்தில் பேண்டுக்காரர்களின் நோட்டுகளையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

1986இல் ‘ஹவ் டு நேம் இட்’ வந்தது. சினிமா அல்லாத இசை. பாக்குக்கும் தியாகராஜருக்கும் காணிக்கை. அதில் ஒரு உருப்படியின் தலைப்பு, பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்று பொருள்படும். பாக்கின் தனி வயலின் பார்ட்டிட்டாவிலிருந்து ஒரு பகுதி ஓட, அதன்மேல் நம்மூர் வயலின் வந்து பேசுகிறது. அந்தத் தலைப்பை நான் பல வருஷமாக யோசித்திருக்கிறேன். எந்த வீடு? ஊர்க்காரன் வாசல்படி மிதிக்காத தெருவில் பிறந்தவனின் வீட்டுக்கு முந்நூறு வருஷத்துக்கு முந்தின ஒரு ஜெர்மன்காரர் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் அப்படி நினைத்துத் தலைப்பு வைத்திருக்க மாட்டார். அவர் நினைத்ததற்கும் நமக்குக் கேட்பதற்கும் இடையில் உள்ள தூரம்தான் அவரைப் பற்றிய நம் தகராறு முழுவதும்.

பிள்ளைப் பருவத்தை ஆர்க்கெஸ்ட்ராவுக்குள் கொண்டுவந்தவர்கள் உலகத்தில் பலர். இரண்டு பேரைப் பற்றிப் பேச வேண்டும்.

குஸ்தாவ் மாஹ்லர். 1860இல் பொஹீமியாவில் பிறந்த யூதர். இக்லாவ் என்ற சிறு நகரத்தில் வளர்ந்தார். அப்பா சாராயம் காய்ச்சி விற்றவர், கடை நடத்தியவர். பக்கத்தில் ராணுவ முகாம். ஆக அந்தப் பிள்ளை கேட்டு வளர்ந்தது பேண்டு, கடைக்கு வருகிற குடிகாரர்களின் பாட்டு, தெருவில் போகிற சவ ஊர்வலம். 1889இல் புடாபெஸ்டில் அவருடைய முதல் சிம்பொனி. மூன்றாம் பகுதியாக இன்று வாசிக்கப்படுவதில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றிச் சுற்றிப் பாடுகிற ஒரு பாட்டை சோகமான மைனரில் போட்டுச் சவ ஊர்வலமாக நடத்துகிறார். தொடங்குவது ஒற்றை டபுள் பாஸ். நடுவில் திடீரென்று மலிவான தெரு பேண்டு ஒன்று குறுக்கே வருகிறது. அதற்குத் தூண்டுதலாக இருந்தது ஒரு பழைய படம்: வேட்டைக்காரன் செத்துப்போகிறான், காட்டு மிருகங்கள் அவன் பாடையைத் தூக்கிக்கொண்டு போகின்றன. புடாபெஸ்ட் கனவான்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உயர்ந்த சபையில் இந்தச் சாவு மேளம் எதற்கு என்று தோன்றியிருக்கும். எனக்கு அதைக் கேட்ட முதல் தடவையே பிடிபட்டது. சாவில் பறைக்குப் பின்னால் கிளாரினெட் வருகிற தெருவில் வளர்ந்தவனுக்கு அதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது! 1897இல் வியன்னா அரச ஓபராவின் வேலைக்காக மாஹ்லர் கத்தோலிக்கராக மதம் மாறினார். யூதனுக்கு அந்த வேலை கிடையாது. மதம் மாறியும் அங்கே அவரை யூதன் என்று திட்டுவது நிற்கவில்லை.

இன்னொருவர் ஃபுளோரன்ஸ் பிரைஸ். 1887இல் அமெரிக்காவின் ஆர்கன்ஸாவில் பிறந்த கறுப்பினப் பெண். 1933இல் சிகாகோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா அவருடைய முதல் சிம்பொனியை வாசித்தது. பெரிய அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று கறுப்பினப் பெண்ணின் சிம்பொனியை வாசித்தது அதுதான் முதல் தடவை. அதில் மூன்றாவது பகுதிக்கு ‘ஜூபா’ என்று பெயர். ஜூபா என்பது அடிமைகளின் ஆட்டம். கையால் தொடையையும் மார்பையும் தட்டித் தாளம் போட்டு ஆடுவது. ஏன் உடம்பையே தட்டினார்கள்? 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் எழுந்தார்கள். மறுவருஷமே அடிமைகள் முரசு வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். முரசு போனதும் உடம்பு முரசானது. அந்தத் தொடைத் தட்டலை பிரைஸ் ஐரோப்பிய ஆர்க்கெஸ்ட்ராவின் வயலின்களுக்குக் கொடுத்தார், பெயரையும் மறைக்காமல் போட்டார். அவர் இறந்தது 1953இல். 2009இல் இல்லினாய் மாநிலத்தில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டில் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் கட்டுக் கட்டாகக் கிடைத்தன. அதுவரை அவை தொலைந்துபோனவை.

அங்கே முரசை அடிக்காதே என்றார்கள். இங்கே அடி என்றார்கள். சாவுக்கு அடி, திருவிழாவுக்கு அடி, தண்டோராவுக்கு அடி. அடிக்க மாட்டேன் என்றவன் முதுகில் அடி விழுந்தது. ஆகவே நம் வரலாற்றில் பறையைத் தூக்கிப் போட்டதும், போட்டு எரித்ததும் போராட்டம். பிறகு தொண்ணூறுகளில் அதையே கலை என்று கையில் எடுத்ததும் போராட்டம். மதுரை தலித் ஆதார மையத்தின் கலை விழாக்களை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, நாம் ‘பரட்டை’ என்று அறிந்தவர், கர்நாடக மெட்டுக் கீர்த்தனைகளுக்கு எதிராகத் தெம்மாங்கை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். கே.ஏ.குணசேகரன் ஆய்வாளராகவும் பாடகராகவும் மேடையேறினார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையை மாட்டினார்கள். நாங்கள் இருக்கிற ஆவடிப் பக்கத்தில் கரலப்பாக்கத்திலிருந்து போன பா.ரஞ்சித் 2018இல் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையில் கானாவை நிறுத்தினார். இந்தப் பாதைகள் எல்லாவற்றிலும் கருவியின் பெயரும் ஆளின் பெயரும் வெளிப்படையாக இருக்கின்றன.

இளையராஜா இந்தப் பாதையில் வரவில்லை. தன்னைச் சாதியோடு சேர்த்து எழுதுவதை அவர் எப்போதும் விரும்பியதில்லை. நம் ஆட்களில் சிலருக்கு இதில் தீராத கோபம். எனக்கும் கோபம் வந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் அம்பேத்கரையும் பிரதமர் மோடியையும் ஒப்பிட்டு வந்த ஒரு புத்தகத்துக்கு அவர் முன்னுரை எழுதினார். அந்த ஜூலையில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அந்த ஒப்பீட்டை நான் ஏற்கவில்லை, ஏற்கவும் மாட்டேன். அப்போது அவரைத் திட்டியவர்களில் சிலருடைய பேச்சு அந்த முன்னுரையை விட்டுவிட்டு அவர் பிறந்த தெருவுக்குப் போனதையும் பார்த்தேன். சந்தர்ப்பம் கிடைத்ததும் ‘ஏழைச் சிறுவன்’ காணாமல் போய், அவர்களுக்கு எப்போதும் தெரிந்திருந்த பெயர் வாயில் வந்துவிட்டது. ஐம்பது வருஷமாகத் தெரியாதது போல ‘குக்கிராமம்’ என்று எழுதினவர்களுக்குத் தெரியாமலா இருந்தது?

2024 டிசம்பர் 15ஆம் தேதி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் நடந்ததையும் இதோடு வைக்க வேண்டும். அர்த்த மண்டபத்துக்குள் போகாமல் அவர் வாசலில் நிறுத்தப்பட்ட காட்சி செல்போன் செல்போனாகப் போனது. அங்கே வெளியார் யாருக்கும் அனுமதியில்லை, இது எல்லோருக்குமான விதி என்று கோயில் தரப்பும் அறநிலையத் துறையும் விளக்கம் சொன்னது. சுயமரியாதையை விட்டுக்கொடுக்கிறவன் நான் இல்லை, பரவிய செய்தி பொய் என்று அவரும் சொன்னார். அவர் சொன்னதை நான் மறுக்கப் போவதில்லை. நடந்தது அவருக்கு, சொல்ல வேண்டியவரும் அவர். ஆனால் அந்தக் காட்சி எங்கள் தெருவில் ஏன் அப்படிக் குத்தியது? விதி எல்லோருக்குமானது என்று சொல்லப்படும் வாசல்களில் நின்ற அனுபவம் எல்லோருக்குமானது இல்லை. மூன்று மாதம் கழித்து லண்டன் மேடை. பத்திரிகைகள் டிசம்பரை மறந்துவிட்டு மார்ச்சைக் கொண்டாடின. எங்கள் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துத்தான் பேசினார்கள்.

பெயர் சொல்லாமல் இருப்பது கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. மாஹ்லர் பெயரை மாற்றவில்லை, மதத்தை மாற்றினார். ஆனால் இசைக்குள் தெருவை அப்படியே விட்டுவைத்தார். பிரைஸ் இசையில் எதையும் மறைக்கவில்லை; விலையாகப் பாதி வாழ்நாள் எழுதியது பெட்டிக்குள் கிடந்தது. இளையராஜா ஆளை மறைத்தார், ஆனால் ஆயிரம் படங்களுக்கு மேல் அந்தத் தெருவின் தாளத்தைச் சாதி பார்க்கிற எல்லா வீட்டுக்குள்ளும் ரேடியோ வழியாக அனுப்பினார். சபா வீட்டுக் கூடத்தில் அது ஒலித்தது. ஊர்க்காரன் கல்யாணத்தில் அதைத்தான் சித்தப்பா ஊதினார். இதை வெற்றி என்பதா? யாருடைய தாளம் என்று கேட்காமல் ரசிக்க முடிகிற வசதியை ஊருக்குக் கொடுத்தது என்பதா? இரண்டும் உண்மை என்றுதான் எனக்குப் படுகிறது. ராஜ் கௌதமன் இருந்திருந்தால் இன்னும் நறுக்கென்று சொல்லியிருப்பார்.

‘முதல்’ என்ற பேச்சைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1993இல் இதே ராயல் ஃபில்ஹார்மோனிக் குழு, ஜான் ஸ்காட் நடத்த, இளையராஜாவின் ஒரு சிம்பொனியை லண்டனில் ஒலிப்பதிவு செய்தது. அது வெளிவரவேயில்லை. அப்போது இங்கே, சிம்பொனி எழுதிய முதல் ஆசியர் என்று போஸ்டர் அடித்தார்கள். அது சரியில்லை. ஜப்பானியர் யமடா கோசாகு 1912இல் பெர்லினில் மாணவராக இருந்தபோதே ஒரு சிம்பொனி எழுதிவிட்டார். பஞ்சாபில் பிறந்த நரேஷ் சோஹல் அறுபதுகளிலிருந்து இங்கிலாந்தில் ஆர்க்கெஸ்ட்ரா இசை எழுதினார். கல்கத்தாவில் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் பிறந்த ஜான் மேயர் ராயல் ஃபில்ஹார்மோனிக்கிலேயே வயலின் வாசித்தவர், இசையும் எழுதியவர். இவர்களைச் சொன்னால் இளையராஜாவின் உயரம் குறைந்துவிடாது. பண்ணைப்புரம் சேரியிலிருந்து லண்டன் மேடைக்கு வேறு யார் போனார்? அந்த ‘முதல்’ யாராலும் மறுக்க முடியாதது. அதைத்தான் யாரும் போஸ்டரில் போடவில்லை. 2025 செப்டம்பர் 13ஆம் தேதி தமிழக அரசு நேரு ஸ்டேடியத்தில் பெரிய விழா எடுத்தது. திரைக்கு வந்த ஐம்பது வருஷத்துக்கும் சிம்பொனிக்கும் சேர்த்து. தமிழன் என்று பெருமைப்பட்டார்கள். படட்டும்.

எனக்கு இப்போது வேறு கவலை. 1993 ஒலிநாடா எங்காவது ஒரு பெட்டியில் இருக்கும். லண்டன்காரர்கள் பத்திரமாக வைக்கத் தெரிந்தவர்கள். பாவலர் எஸ்டேட் மேடைகளில் பாடியது எந்த நாடாவிலும் இல்லை. கட்சி மேடையில் டேப் ரெக்கார்டர் கிடையாது. அவர் எந்த மெட்டில் எந்தச் சொல்லைப் போட்டார், கூட்டம் எங்கே சேர்ந்து பாடியது, தம்பி எங்கே ஆர்மோனியத்தில் குறுக்கே புகுந்தான் என்பதெல்லாம் 1958இல் தேவிகுளத்துத் தோட்டங்களில் நின்று கேட்ட ஆட்களின் காதில்தான் இருக்கிறது. அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கும் இன்று எழுபத்தெட்டு வயதுக்கு மேல். 2015இல் மூணாறில் போனஸுக்காகவும் கூலிக்காகவும் சாலையை மறித்த ‘பெம்பிளை ஒருமை’ பெண்களின் தாய்மார்கள், மாமியார்கள் அவர்கள். வேலை முடிந்து லயத்தைக் காலி செய்து பலர் போடிக்கும் கம்பத்துக்கும் திருநெல்வேலிப் பக்கத்துக்கும் வந்துவிட்டார்கள். அந்தப் பகுதியில் இருக்கிற தோழர்கள், மாணவர்கள் கையில் இருக்கும் செல்போனே போதும். பாட்டிகளிடம் உட்கார்ந்து, பாவலர் பாட்டு ஞாபகமிருக்கா என்று கேட்டுப் பாடச் சொல்லி எடுங்கள். வார்த்தை மறந்திருந்தால் மெட்டை மட்டும் முனகச் சொல்லுங்கள். இடம், தோட்டத்தின் பெயர், எந்த லயம், யாரோடு போய்க் கேட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதி இதழுக்கு அனுப்புங்கள். ஐந்து கோட்டில் எழுதித் தர சேக்காட்டில் ஆள் இருக்கிறோம்.